தம் அடிக்கும் பத்து நிமிடம்: வடசென்னைக் கல்லூரிகளில் புகைப்பழக்கத்தைக் குறைக்க ஒரு முழுமையான வழிகாட்டி

மணி அடித்த இரண்டாவது நிமிடம் கேட்டுக்கு எதிரே இருக்கும் டீக்கடை நிரம்பிவிடும். கண்ணாடி பாட்டிலில் பிஸ்கெட், அதன் பின்னால் அடுக்கிய சிகரெட் பெட்டிகள், கூரைக் கம்பியிலிருந்து நூலில் தொங்கும் ஒரு லைட்டர். ஒருவர் இரண்டு சிகரெட் வாங்குவார், நான்கு பேர் மாற்றி மாற்றி இழுப்பார்கள். கிளம்பும்போது ஆளுக்கொரு புதினா மிட்டாய். எல்லாம் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

கல்லூரியில் புகையிலையைக் குறைக்கக் கிளம்புகிறவர்கள் முதலில் படிக்க வேண்டியது இந்தப் பத்து நிமிடத்தைத்தான். புகை உடம்புக்குக் கெடுதல் என்று தெரியாத மாணவர் யாரும் இல்லை. 2016 முதல் பெட்டியின் 85 சதவீதப் பரப்பை எச்சரிக்கைப் படம் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஆனால் சில்லறையாக ஒன்று, இரண்டு என்று வாங்குகிறவர் கைக்கு அந்தப் பெட்டி வருவதே இல்லை. அவர் வாங்குவது ஒரு சிகரெட், ஒரு டீ, ஒரு கூட்டாளி வட்டம். இந்த மூன்றில் சிகரெட்டை மட்டும் உருவிவிட்டு மற்ற இரண்டையும் அவருக்குக் கொடுக்க முடியுமா என்பதுதான் கேள்வி.

துறை ஆசிரியர், என்.எஸ்.எஸ். அலுவலர், விடுதிக் காப்பாளர், மாணவர் பிரதிநிதி என யார் முன்னெடுத்தாலும் ஒரு செமஸ்டர் தேவை. உலகப் புகையிலை ஒழிப்பு தினமான மே 31 அன்று பேரணி, உறுதிமொழி, குரூப் போட்டோ என்று முடித்துக்கொள்வதாக இருந்தால் இதைப் படிக்க வேண்டியதில்லை.

முதல் இரண்டு வாரம்: எண்ணுங்கள், யாரிடமும் பேசாதீர்கள்

ஒரு தாளில் வளாகத்தின் படம் வரையுங்கள். சைக்கிள் ஸ்டாண்டின் பின்புறம், விடுதி மொட்டை மாடி, கழிப்பறை, மதிலோரச் சந்து என்று சிகரெட் துண்டுகள் கிடக்கும் இடங்களைக் காலை ஒருமுறை, மாலை ஒருமுறை எண்ணிக் குறியுங்கள். ஐந்து வேலை நாள் எண்ணினால் போதும். துப்புரவுப் பணியாளரிடம் இரண்டு நாள் முன்பே சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் அவர் கூட்டிவிட்ட இடத்தைச் சுத்தமான இடம் என்று கணக்கு வைத்துவிடுவீர்கள்.

அடுத்தது பெயரில்லாக் கேள்வித்தாள். கூகுள் படிவம் வேண்டாம். மின்னஞ்சல் பதிவாகும் என்ற பயத்தில் பாதிப் பேர் பொய் சொல்வார்கள். காகிதத்தில் கேட்டு, மடித்துப் பெட்டியில் போடச் சொல்லுங்கள். கேள்விகள் ஏழுக்கு மேல் போகக்கூடாது: கடந்த 30 நாளில் புகைத்தீர்களா, எத்தனை நாள், நாளுக்கு எத்தனை, முதல் முறை எங்கே, பெரும்பாலும் யாரோடு, விட நினைத்ததுண்டா, உங்கள் வகுப்பில் 100 பேருக்கு எத்தனை பேர் புகைக்கிறார்கள் என்று நினைக்கிறீர்கள்.

கடைசிக் கேள்விதான் உங்கள் ஆயுதம். 2016-17இல் எடுத்த தேசியக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் வயதுவந்தோரில் புகைப்பவர்கள் ஏறத்தாழ பத்தில் ஒருவர். ஆனால் மாணவர்களைக் கேட்டால் ‘பாதிப் பேர் சார்’ என்பார்கள். புகைப்பவர்கள் கண்ணில் படும் இடத்தில் கூட்டமாக நிற்கிறார்கள், புகைக்காதவர்கள் எங்கெங்கோ இருக்கிறார்கள். எல்லோரும் அடிக்கிறார்கள் என்ற நினைப்பே புதிதாக ஒருவரை இழுக்கும். நினைப்புக்கும் உண்மைக்கும் இடையே பெரிய இடைவெளி இருந்தால் அந்த இரண்டு எண்ணையும் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். உண்மை எண்ணே அதிகமாக வந்துவிட்டால் ஒட்டாதீர்கள், அது பழக்கத்துக்கு விளம்பரமாகிவிடும். அப்போது ‘விட நினைப்பவர்கள் இத்தனை பேர்’ என்ற எண்ணை ஒட்டுங்கள்.

அதே கணக்கெடுப்பில் இந்தியாவில் புகையிலையைத் தொடங்கும் சராசரி வயது 18.9. அதாவது கல்லூரியில் படிக்கும் வயது. எனவே முதலாண்டு மாணவர்கள் உள்ளே வந்த முதல் ஆறு வாரம்தான் தடுப்புக்கு ஏற்ற காலம். மூன்றாமாண்டில் செய்ய வேண்டியது வேறு, அது மீட்பு வேலை.

கடையும் சட்டமும்

2003ஆம் ஆண்டு புகையிலைச் சட்டத்தின் 4ஆம் பிரிவு பொது இடத்தில் புகைப்பதைத் தடுக்கிறது. கல்லூரியும் பொது இடம்தான். அபராதம் 200 ரூபாய் வரை, தன் வளாகத்துக்குள் அதை விதிக்கக் கல்லூரி முதல்வருக்கே அதிகாரம் உண்டு. 6ஆம் பிரிவு 18 வயது நிறையாதவருக்கு விற்பதையும், கல்வி நிறுவனத்தைச் சுற்றி 100 கஜத்துக்குள் விற்பதையும் தடுக்கிறது.

100 கஜம் என்றால் 91.44 மீட்டர். இதை அளப்பதில்தான் பெரும்பாலும் தப்பு நடக்கிறது. கேட்டிலிருந்து ரோட்டோடு நடந்து அளக்கக்கூடாது. மதில் சுவரின் எந்தப் புள்ளியிலிருந்தும் நேர்கோட்டில், எல்லாப் பக்கமும் அளக்க வேண்டும். பழைய வண்ணாரப்பேட்டை, ராயபுரம் மாதிரி சந்துக்குள் சந்து போகிற இடங்களில், நடந்தால் 200 மீட்டர் வருகிற கடை நேர்கோட்டில் 60 மீட்டரில் இருக்கும். செல்போன் வரைபடத்தில் தூரம் அளக்கும் வசதியிலேயே பார்த்துக்கொள்ளலாம். சந்தேகமுள்ள கடைகளுக்கு மட்டும் 30 மீட்டர் நாடா போதும், மூன்று முழு நீளமும் ஒன்றரை மீட்டரும்.

உள்ளே வைக்கும் பலகை குறைந்தது 60 சென்டிமீட்டருக்கு 30 சென்டிமீட்டர், வெள்ளைப் பின்னணி, சிவப்பு வட்டத்துக்குள் குறுக்கே கோடிட்ட சிகரெட் படம், இங்கு புகைப்பது குற்றம் என்ற வரி. யாரிடம் புகார் சொல்ல வேண்டும் என்ற விவரமும் அதில் இருக்க வேண்டும். அந்த இடம் காலியாக இருந்தால் பலகை வெறும் அலங்காரம்தான். வெளி மதிலில் 100 கஜத் தடையைச் சொல்லும் பலகை தனியாக வேண்டும்.

கடைக்காரரிடம் போகும்போது போலீஸோடு போகாதீர்கள். அப்படிப் போன இடங்களில் பெட்டிகள் மறுநாளே கல்லாவுக்குக் கீழே போய்விடும், வியாபாரம் அப்படியே நடக்கும், தெரிந்த முகத்துக்கு மட்டும் கொடுப்பார்கள். முதலில் இரண்டு பேர் மட்டும், மதியம் கூட்டம் குறைந்த நேரத்தில் போய், “அண்ணே, அளந்து பாத்தோம். உங்க கடை 60 மீட்டர்லதான் வருது. பசங்க பேர்ல கடன் நோட்டு வெச்சு சிகரெட் குடுக்கறத மொதல்ல நிறுத்துங்க” என்று சொல்லுங்கள். கடன் நோட்டு முக்கியம். கையில் காசில்லாத நாளிலும் சிகரெட் கிடைப்பது அதனால்தான். சிகரெட் அடுக்கிய தட்டு காலியானால் சமோசா, சுண்டல், நன்னாரி சர்பத் ஆகியவற்றை அங்கே வைக்கலாம், கல்லூரி விழாக்களுக்கு ஆர்டரும் தருகிறோம் என்று பேசிப் பாருங்கள். இரண்டு வாரத்தில் மாற்றம் இல்லையென்றால் முதல்வரின் கையெழுத்தோடு, அளந்த படத்தை இணைத்து, காவல் நிலையத்திலும் மாநகராட்சி மண்டல சுகாதார அலுவலகத்திலும் எழுத்தாகப் புகார் கொடுங்கள். ஒப்புகை வாங்க மறக்க வேண்டாம்.

இடைவேளையை மாற்றுதல்

மாணவர் வெளியே போவதற்கு முதல் காரணம் டீ. கேன்டீனில் டோக்கனுக்கு ஒரு வரிசை, டீக்கு ஒரு வரிசை என்றால் பத்து நிமிடமும் அதிலேயே போய்விடும். வெளியே கடைக்காரர் முகத்தைப் பார்த்ததும் கிளாஸை நீட்டுகிறார். ஆகவே முதல் வேலை, மணி அடிக்கும் முன்பே குழாய் வைத்த இரண்டு 10 லிட்டர் சில்வர் டிரம்மில் டீ தயாராக இருப்பது. கிளாஸுக்கு 100 மில்லி என்றால் 200 பேருக்கு வரும். டோக்கனைக் காலையிலேயே விற்றுவிடுங்கள். விலை வெளிக்கடையைவிட ஒரு ரூபாயாவது குறைவாக இருக்க வேண்டும். சுவை மட்டமாக இருந்தால் இந்தத் திட்டம் மூன்று நாளில் செத்துவிடும், அதைச் சொல்லியே ஆக வேண்டும்.

இரண்டாவது, கைக்கு வேலை. வடசென்னையில் கேரம் போர்டை யாருக்கும் அறிமுகப்படுத்தத் தேவையில்லை. 2024இல் கேரம் உலகக் கோப்பையில் தங்கம் வென்ற காசிமா இந்தப் பகுதிப் பெண்தான். மர நிழலிலோ வராந்தாவிலோ நான்கு போர்டு, உயர மேசை, பவுடர் டப்பா. நான்கு பேர் ஆடினால் எட்டுப் பேர் சுற்றி நின்று பேசுவார்கள். விரலும் கண்ணும் வாயும் ஒரே நேரத்தில் வேலையாக இருக்கும். அறைக்குள் பூட்டி, விளையாட்டு ஆசிரியரிடம் சாவி வாங்கிக் கையெழுத்துப் போட்டு ஆடச் சொன்னால் யாரும் வரமாட்டார்கள்.

வளாகத்துக்கு வெளியேயும் ஒரு இடைவேளை இருக்கிறது. பொன்னேரி, மீஞ்சூர், எண்ணூர் பக்கமிருந்து கும்மிடிப்பூண்டி ரயிலில் வருகிறவர்களுக்கு நாளின் முதல் சிகரெட் பெரும்பாலும் பிளாட்பாரத்தின் கடைசி முனையில். ரயில் நிலையமும் பொது இடம்தான், அங்கேயும் அபராதம் உண்டு, ஆனால் அதைச் சொல்லி யாரும் நிறுத்தியதில்லை. அந்தக் கூட்டத்துக்குள்ளேயே விட விரும்பும் இரண்டு பேரைக் கண்டுபிடித்து, அவர்களை வேறு பெட்டியில் ஏறச் சொல்வது இதைவிட வேலை செய்யும். அற்பமாகத் தெரியும், ஆனால் பழக்கம் இடத்தில்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

பேசுவது

மூன்று நிமிடத்துக்கு மேல் பேசாதீர்கள், தனியாகப் பேசுங்கள். கேட்பது, ஒரே வரியில் சொல்வது, தயாரா என்று பார்ப்பது, வழி காட்டுவது, மறுபடி பார்க்க நாள் குறிப்பது. இந்த வரிசை போதும்.

“என்னப்பா, நாளைக்கு எத்தன ஆவுது?”
“நாலஞ்சு சார்… ஆனா நான் ஸ்மோக்கர்லாம் இல்ல.”
“சரி. விடலாம்னு எப்பவாச்சும் தோணிருக்கா?”
“போன மாசம் விட்டேன். ரெண்டு நாள்தான் தாங்குச்சு.”
“ரெண்டு நாள் தாங்கினியே. மூணாவது நாள் என்ன ஆச்சுன்னு மட்டும் சொல்லு.”

அந்த மூன்றாவது நாள் கதையில்தான் எல்லாம் இருக்கும். புற்றுநோய் பற்றி இங்கே ஒரு வார்த்தை வேண்டாம். இருபது வயதில் ஐம்பது வயதுப் பயம் ஏறாது. பணத்தைப் பேசுங்கள்: ஒன்று 20 ரூபாய் என்று வைத்தால் நாளைக்கு நான்குக்கு 80, மாதம் 2,400, மூன்றாண்டுப் படிப்புக்கு 86,400. உங்கள் கடை விலையைப் போட்டு அவரையே கணக்குப் போடச் சொல்லுங்கள். கால்பந்தோ குத்துச்சண்டையோ ஆடுகிறவராக இருந்தால் மூச்சைப் பேசுங்கள். விட்ட ஓரிரு நாளிலேயே இரத்தத்திலுள்ள கார்பன் மோனாக்சைடு வடிந்து, ஆக்சிஜன் சுமக்கும் திறன் திரும்பிவிடும்.

இரண்டு சாக்குகளுக்குத் தயாராகப் போங்கள். ஒன்று, “எப்பவாவது ஒண்ணுதான்”. நாளைக்கு ஒரே ஒரு சிகரெட் என்றாலும், இருபது அடிப்பவருக்கு வரும் கூடுதல் இதய நோய் ஆபத்தில் ஏறக்குறைய பாதி வந்துவிடுகிறது. இருபதில் ஒரு பங்கு அல்ல. மற்றொன்று வடசென்னைக்கே உரியது: “மணலி காத்துல இல்லாத புகையா சார்?” இதைக் கிண்டலாக எடுத்துக்கொள்ளாதீர்கள், அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆலைப் புகையும் சிகரெட் புகையும் ஒன்றுக்கொன்று மாற்று அல்ல, ஒன்றின் மேல் ஒன்று ஏறும் சுமை. முதலாவதை நிறுத்த ஊரே போராட வேண்டும். இரண்டாவது அவர் கையில் இருக்கிறது.

பெண் மாணவர்களும் புகைக்கிறார்கள். அவர்களிடம் ‘பொம்பளப் புள்ள’ என்று தொடங்கிய எந்தப் பேச்சும் அந்த வாக்கியத்தோடு முடிந்துவிடும். வீட்டுக்குப் போன் போடுவதும் அப்படித்தான். குடும்பத்தில் முதல் பட்டதாரியாக வருகிறவருக்கு அந்த ஒரு போனில் படிப்பே நின்றுபோகலாம்.

விட முன்வந்தவருக்கு

முதலில் எவ்வளவு பிடித்திருக்கிறது என்று பாருங்கள். எழுந்த 5 நிமிடத்துக்குள் முதல் சிகரெட் என்றால் 3 மதிப்பெண், 30 நிமிடத்துக்குள் 2, ஒரு மணி நேரத்துக்குள் 1, அதற்குப் பிறகு 0. நாளைக்குப் பத்து வரை 0, இருபது வரை 1, முப்பது வரை 2, அதற்கு மேல் 3. கூட்டிப் பார்த்தால் 2 வரை லேசான பிடிப்பு. பெரும்பாலான மாணவர்கள் இங்கேதான் இருப்பார்கள், இவர்களுக்குப் பழக்கத்தை உடைத்தால் போதும். 3, 4 என்றால் நடுத்தரம். 5, 6 என்றால் நேராக மருத்துவரிடம்.

நாள் குறிக்கும்போது செமஸ்டர் தேர்வு, கல்ச்சுரல்ஸ், நண்பன் வீட்டுக் கல்யாணம் மூன்றையும் தவிர்க்கவும். இன்றிலிருந்து இரண்டு வாரத்துக்குள் ஒரு நாள் குறித்து, முதல் நாள் இரவே லைட்டர், தீப்பெட்டி, பையில் ஒளித்த கடைசி ஒன்று எல்லாவற்றையும் தண்ணீரில் நனைத்துக் குப்பையில் போடச் சொல்லுங்கள். குப்பையிலிருந்து எடுத்து அடிப்பவர்கள் உண்டு, அதனால்தான் தண்ணீர்.

நிகோடின் உடம்பில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். சில மணி நேரத்தில் எரிச்சல் தொடங்கி, இரண்டாம் மூன்றாம் நாள் உச்சத்துக்குப் போகும், இரண்டு முதல் நான்கு வாரத்தில் அடங்கும். இதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் மூன்றாம் நாள் எரிந்து விழும்போது ‘எனக்குச் செட் ஆகல’ என்று நினைக்காமல் ‘இது உச்சம்’ என்று நினைப்பார். ஒவ்வொரு தவிப்பும் தனியாகப் பார்த்தால் மூன்று முதல் ஐந்து நிமிடம்தான். அந்த ஐந்து நிமிடத்துக்குச் செய்ய வேண்டியது: தள்ளிப்போடு, ஒரு பாட்டில் தண்ணீர் குடி, பத்து முறை மூச்சை ஆழமாக இழுத்து விடு, இடத்தை விட்டு நகரு.

டீ, காபியைப் பாதியாக்கச் சொல்லுங்கள். இதை யாரும் சொல்வதில்லை. சிகரெட் புகையிலுள்ள சில பொருள்கள் கல்லீரலை முடுக்கி, கஃபீனை வேகமாகச் சிதைக்க வைக்கின்றன. புகை நின்றதும் அந்த வேகம் போய்விடும். வழக்கமான ஆறு டீயும் இப்போது உடம்பில் நெடுநேரம் தங்கும், படபடப்பும் தூக்கமின்மையும் வரும். அதை நிகோடின் தவிப்பு என்று தப்பாக நினைத்து மறுபடி பற்றவைப்பார்கள்.

நடுத்தரப் பிடிப்பு உள்ளவர்களுக்கு நிகோடின் சூயிங்கம் உதவும். மருந்துக்கடையில் கிடைப்பது 2 மில்லிகிராம். எழுந்த அரை மணிக்குள் புகைப்பவர்களுக்கு 4 மில்லிகிராம் தேவைப்படலாம், அது டாக்டர் சீட்டோடு. பலர் ‘வேலை செய்யல’ என்பதற்குக் காரணம் அதைச் சாதாரண பபுள்கம் போல மெல்வது. மெதுவாக மென்று காரமோ குறுகுறுப்போ தெரிந்ததும் நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கி வைக்க வேண்டும். சுவை மங்கியதும் மறுபடி மெல்ல வேண்டும், பிறகு மறுபுறம் ஒதுக்க வேண்டும். ஒன்றுக்கு 30 நிமிடம். விடாமல் மென்றால் நிகோடின் எச்சிலோடு வயிற்றுக்குப் போய் விக்கலும் நெஞ்செரிச்சலும்தான் வரும். மெல்வதற்கு 15 நிமிடம் முன்பிருந்து டீ, காபி, சோடா, எலுமிச்சைச் சாறு கூடாது, வாயில் புளிப்பு இருந்தால் மருந்து உறிஞ்சப்படாது. முதல் ஆறு வாரம் ஒன்றிரண்டு மணிக்கு ஒன்று, பிறகு மூன்று வாரம் இரண்டு முதல் நான்கு மணிக்கு ஒன்று, கடைசி மூன்று வாரம் நான்கு முதல் எட்டு மணிக்கு ஒன்று. கர்ப்பிணிகள், இதய நோய் உள்ளவர்கள், 18 வயது நிறையாதவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது.

பெட்டியில் அச்சிட்டிருக்கும் 1800-11-2356 இலவச எண். காலை 8 முதல் இரவு 8 வரை, திங்கள் விடுமுறை. 011-22901701க்கு மிஸ்டு கால் கொடுத்தால் குறுஞ்செய்தியில் ஆலோசனை வரும். மனச்சோர்வும் சேர்ந்திருந்தால் டெலி-மானஸ் மனநல உதவி எண் 14416. நேரில் பார்க்க ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கோ நெஞ்சகப் பிரிவுக்கோ, ஓட்டேரி அரசு நெஞ்சக நோய் மருத்துவமனைக்கோ காலை நேரத்தில் போகலாம். சீட்டெழுதிக் கொடுத்து அனுப்பாமல், முதல் தடவை கூட ஒரு நண்பரை அனுப்புங்கள். தனியாகப் போனவர் வரிசையைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்.

கார்த்திகை பிறந்தால் ஒன்றைக் கவனிக்கலாம். மாலை போட்ட மாணவர் ஒரு மண்டலம் சிகரெட்டைத் தொடுவதில்லை. ரம்ஜான் மாதத்தில் பகல் முழுக்கத் தாங்குகிறார்கள், தவக்காலத்தில் காசிமேட்டுப் பிள்ளைகள் பலர் நாற்பது நாள் விடுகிறார்கள். உடம்பு நிகோடினிலிருந்து வெளியே வர இந்த நாள்கள் தாராளம். ஆனால் மாலையைக் கழற்றிய அன்று மாலையே டீக்கடையில் பழைய இடத்தில் நிற்பார்கள். எனவே விரதத்தைத் தொடங்கும்போது அல்ல, முடிக்கும் வாரத்தில் அவரோடு இருங்கள். ‘சாமிக்காக விட்டேன்’ என்பது ‘எனக்காக விட்டேன்’ என்று மாற அந்த ஒரு வாரம்தான் கிடைக்கிறது.

மாவா, பௌச், வேப்

சிகரெட்டை விட்டவர் மாவாவுக்கோ உதட்டுக்குள் வைக்கும் புகையிலைப் பொட்டலத்துக்கோ மாறினால் அது விட்டதாகாது. கேள்வித்தாளின் முதல் கேள்வியிலேயே இவற்றையும் சேர்த்துக் கேளுங்கள். பாக்கு கலந்த மாவா வாயின் உள்தசையை இறுக்கும். வாயைத் திறந்து மூன்று விரலைச் செங்குத்தாக நுழைக்கச் சொல்லுங்கள். நுழையவில்லை, காரம் பட்டால் எரிகிறது என்றால் அன்றே பல் மருத்துவரிடம் அனுப்புங்கள். மின்சிகரெட் விற்பதும் இருப்பு வைப்பதும் 2019 முதல் குற்றம். முதல்முறை விற்றால் ஓராண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். நண்பர்களுக்கு ‘எடுத்துத் தருகிற’ மாணவருக்கு இது தெரிந்திருப்பதில்லை.

சறுக்கினால்

சறுக்குவார்கள். ஒன்று அடித்துவிட்டவரிடம் கேட்க வேண்டியது ‘எங்கே, யாரோடு, எத்தனை மணிக்கு’ மட்டுமே. அந்த இடத்தைத் தாளில் குறித்துவிட்டு, மறுநாளே தொடரச் சொல்லுங்கள், புதுத் தேதி வேண்டாம். சஸ்பெண்ட் செய்தால் கூட்டம் கேட்டுக்கு வெளியே இன்னும் ஒரு சந்து தள்ளிப் போகும், அதற்குமேல் ஒன்றும் நடக்காது. வளாகத்துக்குள் பிடிபட்டவருக்கு 200 ரூபாய் ரசீது கொடுங்கள். ஆசிரியர் அறையில் புகைக்கும் ஆசிரியருக்கும் அதே ரசீது. அது கிழிபடாத கல்லூரியில் மாணவருக்குக் கிழிப்பதை அடுத்த நாளே நிறுத்திவிடலாம்.

செமஸ்டரின் 15ஆம் வாரம் அதே ஏழு கேள்வியை அதே காகிதத்தில் மறுபடி கொடுங்கள், அதே ஐந்து நாள் துண்டுகளை எண்ணுங்கள். உள்ளே குறைந்து மதிலுக்கு வெளியே கூடியிருந்தால், அடுத்த செமஸ்டரில் முதலில் பார்க்க வேண்டியது கேன்டீன் டீயின் ருசியை.